வீட்டு பேக்கப்: ரெய்டு பெட்டி ஒன்றா, தனித்தனி டிஸ்க் இரண்டா?

பால்மரக்காடு (சுங்கை சிப்புட், மலேசியா):

வணக்கம். வீட்டில் உள்ள கோப்புகளைப் பத்திரப்படுத்த வெளி ஹார்ட் டிஸ்க் வாங்க வேண்டும். எதை வாங்குவது என்று முடிவெடுக்க முடியவில்லை, விவரம் தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

என்னிடம் இருப்பது இரண்டு வகை. ஒன்று எங்கள் தோட்டத்துப் பழைய படங்கள். பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்டார்கள், அப்புறம் லயத்தை (தொழிலாளர் வரிசை வீடுகளை) இடித்துத் தாமான் (குடியிருப்பு) கட்டினார்கள், இப்போது அங்கே கோயிலைத் தவிர பழசு என்று சொல்ல ஒன்றும் இல்லை. பல வீடுகளில் ஆல்பம் கேட்டு வாங்கி ஸ்கேன் செய்து வைத்திருக்கிறேன், தீமிதி வீடியோ கேசட்டுகளையும் கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கிறேன். திருப்பிக் கொடுத்த ஆல்பங்களில் சிலவற்றைக் கரையான் அரித்துவிட்டதாம், ஆக அந்தப் படங்களுக்கு என்னிடம் இருக்கும் ஸ்கேன்தான் இனி ஒரே பிரதி. இன்னொரு வகை பத்திரங்கள். தோட்டத்திலிருந்து வந்த வயதானவர்களுக்கு ஊழியர் சேமநிதி, பெர்கேசோ (தொழிலாளர் காப்புறுதி), குடியுரிமை மனு என்று பாரம் (படிவம்) நிரப்பிக் கொடுக்கிறேன். அவர்களுடைய ஐசி (அடையாள அட்டை), பிறப்புப் பத்திரம், திருமணப் பத்திரம் எல்லாம் என் லேப்டாப்பில் நகலாக இருக்கின்றன. என்னை நம்பிக் கொடுத்தவை, தப்பான ஆள் கைக்குப் போகவே கூடாது.

எல்லாம் சேர்த்து ஒரு டெராபைட்டுக்குக் கொஞ்சம் குறைவு. தினமும் பேக்கப் எடுக்க எனக்கு முடியாது, மாதம் ஒரு தடவை செருகி, ஏற்றி, கழற்றி அலமாரியில் வைத்துவிடுவதுதான் நடக்கிற காரியம். லேப்டாப் விண்டோஸ் 11 ஹோம்.

கடையில் ஒரு பெட்டி காட்டினார்கள். உள்ளே இரண்டு டிஸ்க், ரெய்டு 1 (எழுதுவது இரண்டிலும் ஒரே நேரத்தில் பதியும்), முகப்பில் எண் அழுத்தினால்தான் திறக்கும், என்கிரிப்ஷன் (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி கோப்புகளைப் பூட்டுவது) பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. ஒன்று போனாலும் இன்னொன்று இருக்கும், கவலையே வேண்டாம் என்றார்கள். விலை கொஞ்சம் அதிகம்தான், ஆனால் இந்த விஷயத்தில் காசு பார்க்க எனக்கு மனசில்லை. வாங்கலாமா?

—

ஸ்க்ரூடிரைவர் (தைப்பிங், பழுதுபார்க்கும் கடை):

அண்ணே, வாங்க வேண்டாம். பெட்டி மட்டம் என்று சொல்லவில்லை, உங்கள் வேலைக்கு அது பொருந்தாது.

ரெய்டு 1 எதற்கு வந்தது என்று பாருங்கள். அலுவலகத்தில் சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு டிஸ்க் செத்தாலும் வேலை நிற்கக் கூடாது, அதற்குத்தான். நீங்கள் மாதம் ஒரு தடவை செருகப் போகிறீர்கள். நடுவில் ஒரு டிஸ்க் செத்தால் உங்களுக்கு எந்த வேலையும் நிற்கப் போவதில்லை, புதுசு வாங்கித் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். அதாவது ரெய்டு கொடுக்கிற நன்மை உங்களுக்குத் தேவையே இல்லை. உங்களுக்குத் தேவையானதை அது கொடுக்கவும் இல்லை. தெரியாமல் ஒரு ஃபோல்டரை அழித்தால் இரண்டு டிஸ்கிலும் அதே நொடியில் அழிந்துவிடும். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கிற வைரஸ், 2017இல் வானாக்ரை என்று உலகம் முழுக்க ஓடியதே, அந்த மாதிரி ஒன்று செருகியிருக்கும் நேரத்தில் வந்தால் இரண்டுக்கும் ஒரே கதி. திருடன் வந்தால் ஒரு பெட்டியைத்தான் தூக்கிக்கொண்டு போவான், இரண்டு டிஸ்கும் அதற்குள் இருக்கும்.

அப்புறம் நம் ஊர் மின்னல். தீபகற்பத்தின் மேற்குக் கரை உலகத்திலேயே மின்னல் மிக அதிகம் விழும் இடங்களில் ஒன்று, அதிலும் பருவக்காற்று மாறுகிற ஏப்ரல், மே, திரும்ப அக்டோபர், நவம்பர் சாயங்காலங்களில் என் கடைக்கு வருகிற சாமான்களில் மோடம், ரௌட்டர், டிவி பெட்டிதான் அதிகம். அந்த இரட்டை டிஸ்க் பெட்டிக்கு ஒரே அடாப்டர், ஒரே போர்டு. அதன் வழியாக அடி ஏறினால் இரண்டும் சேர்ந்து போகலாம். டிஸ்க் பிழைத்து போர்டு மட்டும் போனால்கூட, பெட்டியே என்கிரிப்ட் செய்திருப்பதால் டிஸ்கைக் கழற்றி வேறு பெட்டியில் போட்டுப் படிக்க முடியாது. அதே மாதிரிப் பெட்டி இன்னொன்று தேட வேண்டும், கிடைத்தாலும் திறக்கும் என்று உறுதி இல்லை. சில சாதாரண போர்ட்டபிள் டிஸ்கிலும் இந்தத் தொல்லை உண்டு, நீங்கள் பாஸ்வேர்டே போடாவிட்டாலும் உள்ளே இருக்கிற போர்டு தானாக என்கிரிப்ட் செய்துதான் எழுதும். போர்டு போச்சா, டிஸ்க் நன்றாக இருந்தும் பிரயோஜனம் இல்லை. கடைக்கு வந்தவரிடம் இதைச் சொல்வதுதான் எனக்கு மிகவும் கஷ்டமான வேலை.

நான் சொல்வது இதுதான். அந்தப் பெட்டியின் விலைக்கு 2 டெராபைட் போர்ட்டபிள் டிஸ்க் இரண்டு வாங்கலாம், பெரும்பாலும் மிச்சமும் இருக்கும். இரண்டரை அங்குல டிஸ்க், யுஎஸ்பி கேபிளிலேயே கரண்டு எடுத்துக்கொள்ளும், அடாப்டர் வேண்டாம். இரண்டும் வேறு வேறு கம்பெனியாக இருக்கட்டும், ஒரே நாளில் ஒரே கடையில் ஒரே மாடல் இரண்டு வாங்கினால் ஒரே தொகுப்பில் இருக்கிற குறை இரண்டுக்கும் வரும். ஒன்று வீட்டில், இன்னொன்று வேறு ஊரில். இரண்டையும் ஒரே நேரத்தில் லேப்டாப்பில் செருகவே வேண்டாம். மழை கறுத்துக்கொண்டு வந்தால் பேக்கப்பைத் தள்ளிப் போடுங்கள், சுவிட்சை மட்டும் அடைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்க வேண்டும்.

ஆன்லைனில் 16 டெராபைட் என்று தூக்கிப் போடுகிற விலைக்கு விற்கிற எஸ்எஸ்டி (சுழலாமல் சிப்பில் எழுதுகிற டிஸ்க்) எல்லாம் போலி, உள்ளே சின்ன மெமரி கார்டு இருக்கும், நிறைந்ததும் பழைய கோப்பின் மேலேயே எழுதும். எங்கே வாங்கினாலும் முதல் வேலையாக எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளை ஓட்டி டிஸ்க் முழுக்க எழுதிப் படித்துப் பாருங்கள். போலியும் தெரிந்துவிடும், பிறவியிலேயே கோளாறான டிஸ்கும் வாரண்டிக்குள் தெரிந்துவிடும்.

—

கல்யாண_கேமரா (கிள்ளான்):

ஸ்க்ரூடிரைவர் சொல்வது இவருக்குச் சரி, ஆனால் ரெய்டு பெட்டி வீண் என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். நான் திருமண வீடியோ எடிட் செய்கிறேன். எடிட் நடுவில் டிஸ்க் போனால் ஞாயிற்றுக்கிழமை ரிசப்ஷனில் போட வேண்டிய படம் போச்சு, எனக்கு அந்தப் பெட்டி சோறு போடுகிறது. ஆனால் அது நான் வேலை செய்கிற இடம், பேக்கப் இல்லை. பேக்கப்புக்கு நானும் தனி டிஸ்க்தான், ஒன்று ஸ்டூடியோவில், ஒன்று மாமியார் வீட்டில். படமெடுக்கிற தொழிலில் மூன்று, இரண்டு, ஒன்று என்று ஒரு கணக்கு சொல்வோம்: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடம். அண்ணன் லேப்டாப்பையும் சேர்த்தால் இரண்டு டிஸ்கோடு மூன்று பிரதி வந்துவிடுகிறது.

எஸ்எஸ்டி வாங்கலாமா என்று அடுத்து கேட்பார், இப்போதே சொல்லிவிடுகிறேன். அலமாரியில் தூங்கப் போகிற டிஸ்குக்கு எஸ்எஸ்டி வேண்டாம். கரண்டு இல்லாமல் கிடந்தால் அதில் உள்ள மின்னேற்றம் மெல்ல மெல்ல கசியும், சூடு கூடினால் வேகமாகக் கசியும். ஜெடெக் என்ற சிப் தர அமைப்பின் விதிப்படி வீட்டு உபயோக எஸ்எஸ்டி அதன் எழுதும் ஆயுள் முழுவதும் தீர்ந்த நிலையில் 30 டிகிரியில் ஒரு வருடம் தாங்க வேண்டும், அவ்வளவுதான். புதுசு அதைவிட அதிக நாள் தாங்கும், ஆனாலும் நம் வீட்டு அலமாரி 30 டிகிரிக்குக் கீழே எப்போது இருந்தது? சுழல்கிற பழைய மாதிரி டிஸ்க்தான் இதற்கு நல்லது, கீழே மட்டும் போடாதீர்கள். ஈரத்துக்கு, கேமரா லென்ஸ் வைக்கிற காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு போட்டு வையுங்கள்.

—

நிரல்காரன் (கூலிம்):

என்கிரிப்ஷன் பற்றி நான் சொல்கிறேன்.

டிஸ்க் கம்பெனியின் பூட்டை நம்பாதீர்கள், அதன் உள்ளே என்ன நடக்கிறது என்று நாம் பார்க்க முடியாது. 2018இல் நெதர்லாந்து ராட்பௌட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பெயர் பெற்ற சில எஸ்எஸ்டிகளின் உள் என்கிரிப்ஷனைப் பாஸ்வேர்ட் தெரியாமலே தாண்டிக் காட்டினார்கள். அதுவரை விண்டோஸின் பூட்டு மென்பொருளான பிட்லாக்கர் அந்த மாதிரி டிஸ்கைப் பார்த்தால் வேலையை டிஸ்கிடமே விட்டுவிடும், 2019இல் மைக்ரோசாஃப்ட் அதை மாற்றி மென்பொருளே செய்யும்படி ஆக்கியது. நாமும் அதையே செய்வோம், டிஸ்க் எந்தக் கம்பெனியாக வேண்டுமானாலும் இருக்கட்டும், பூட்டு மென்பொருளில் இருக்கட்டும். ஸ்க்ரூடிரைவர் சொன்ன மாதிரி போர்டு தானாக என்கிரிப்ட் செய்யாத டிஸ்க் என்றால், போர்டு போனாலும் டிஸ்கை வேறு பெட்டியில் மாற்றித் திறக்கலாம். வாரண்டிக்கு டிஸ்கைத் திருப்பி அனுப்பும்போதும் உள்ளே யார் ஐசி இருக்கிறது என்று பயப்பட வேண்டாம்.

உங்களிடம் ஹோம் பதிப்பு என்பதால் வெளி டிஸ்குக்கு பிட்லாக்கர் போட முடியாது, வேறு யாரோ போட்டதைத் திறக்க மட்டும்தான் முடியும். ப்ரோ பதிப்புக்கு மாற்றிக் காசு செலவழிக்க வேண்டாம், வெராகிரிப்ட் என்ற பூட்டு மென்பொருள் போதும். இலவசம், மூல நிரல் வெளிப்படை, 2014இல் நின்றுபோன ட்ரூகிரிப்ட் என்ற மென்பொருளின் வாரிசு, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும்.

ஒரு முக்கியமான விஷயம். வெராகிரிப்டில் முழு டிஸ்கையும் என்கிரிப்ட் செய்ய வழி உண்டு, தயவுசெய்து அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அப்படிச் செய்த டிஸ்கைச் செருகினால் விண்டோஸுக்கு அது வெற்று டிஸ்க் மாதிரித் தெரியும், பயன்படுத்துவதற்கு முன் ஃபார்மட் செய்ய வேண்டும் என்று ஒரு பெட்டி வரும். வீட்டில் யாராவது சரி என்று அழுத்திவிட்டால்? அதற்குப் பதிலாக டிஸ்கைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு அதற்குள் 1.7 டெராபைட்டில் ஒரே பெரிய பூட்டிய கோப்பை உருவாக்குங்கள். வெராகிரிப்டில் அந்தக் கோப்பைத் திறந்து பாஸ்வேர்ட் கொடுத்தால் புது டிரைவ் மாதிரி வந்து நிற்கும், அதற்குள் ஏற்றலாம். 2 டெராபைட் டிஸ்க் விண்டோஸில் 1.81 என்றுதான் காட்டும், ஆகவே மிச்ச இடத்தில் வெராகிரிப்டை நிறுவுகிற கோப்பையும், இது என்ன டிஸ்க், எப்படித் திறப்பது, யாரைக் கேட்பது என்று தமிழில் ஒரு குறிப்பையும் பூட்டாமல் போட்டு வையுங்கள். பாஸ்வேர்ட் அதில் வேண்டாம். முதல் தடவை அவ்வளவு பெரிய கோப்பை உருவாக்க மணிக்கணக்கில் ஓடும், மழை இல்லாத நாளாகப் பார்த்து ஆரம்பியுங்கள்.

டிஸ்கில் ஒரு செக்டர் (சிறு பகுதி) கெட்டால் எல்லாமே போய்விடுமா என்று பயப்படுவார்கள். போகாது, கெட்ட இடத்தில் உள்ள படம் மட்டும்தான் கெடும். ஆனால் கோப்பின் தலைப் பகுதியில்தான் சாவி இருக்கிறது, அது கெட்டால் பாஸ்வேர்ட் தெரிந்தும் திறக்காது. வெராகிரிப்ட் அதற்கு ஒரு நகலைக் கோப்பின் கடைசியில் தானாகவே வைக்கும், அது போக நீங்களும் டூல்ஸ் மெனுவில் ஹெடர் (அந்தத் தலைப் பகுதி) பேக்கப் எடுத்து ஒரு பென்டிரைவில் போட்டு வையுங்கள்.

கோப்புகளை லேப்டாப்பிலிருந்து டிஸ்கில் ஏற்றுவதற்கு ஃப்ரீஃபைல்சிங்க் என்ற மென்பொருள். அதில் மிர்ரர் என்ற முறை வேண்டாம், லேப்டாப்பில் தெரியாமல் அழிந்தது பேக்கப்பிலும் அழிந்துவிடும். அப்டேட் முறையை எடுத்துக்கொள்ளுங்கள், அதோடு பழைய பதிப்பைத் தனி ஃபோல்டரில் வைக்கிற வெர்ஷனிங் வசதியையும் போட்டுக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் முதலில் வெராகிரிப்டில் டிஸ்மவுண்ட் (பூட்டிய டிரைவை மூடுவது), அப்புறம் விண்டோஸில் இஜெக்ட் (டிஸ்கை விடுவிப்பது), அதன் பிறகே கேபிளைத் தொடுங்கள்.

—

பால்மரக்காடு:

எல்லாருக்கும் நன்றி. பெட்டியை விட்டுவிட்டேன். ஈப்போவில் தங்கச்சி இருக்கிறாள், தைப்பூசத்துக்குக் கல்லுமலை கோயிலுக்குப் போவோம், தீபாவளிக்கும் போவோம், அந்தச் சாக்கில் டிஸ்கை மாற்றிக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். ஆனால் அப்படியானால் ஈப்போவில் இருக்கிற டிஸ்க் பல மாதம் பழசாக இருக்குமே, பரவாயில்லையா? பாஸ்வேர்டை எங்கே வைப்பது? எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் பிள்ளைகளுக்குத் திறக்கத் தெரியாது, அந்தப் படங்கள் எங்கள் ஒரு குடும்பத்தின் சொத்தும் இல்லை.

—

ஓய்வு_டீச்சர் (பாகான் செராய்):

தம்பி, கடைசியில் கேட்டீர்கள் பாருங்கள், அதுதான் சரியான கேள்வி. மற்ற எல்லாரும் டிஸ்க் கெடுவதைப் பற்றிப் பேசினார்கள். என்கிரிப்ட் செய்த பேக்கப்பில் டிஸ்க் நன்றாக இருந்தும் பாஸ்வேர்ட் போய்விடுவது அதே அளவு பெரிய இழப்பு, மறந்துவிட்டேன் என்று முறையிட வெராகிரிப்டுக்கு ஆபீசும் கிடையாது, கவுண்டரும் கிடையாது.

காகிதத்தில் எழுதுங்கள். பாஸ்வேர்டைக் காகிதத்தில் எழுதக் கூடாது என்று சொல்வது அலுவலகத்தில் மானிட்டரில் ஒட்டுகிறவர்களுக்கு. உங்கள் டிஸ்கைத் திருடுகிறவன் உங்கள் தம்பி வீட்டு அலமாரியில் இருக்கிற உறையையும் சேர்த்துத் திருட மாட்டான். தொடர்பில்லாத ஆறு சொற்களை எடுத்து ரோமன் எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள், பழமொழி, பாட்டு வரி, சாமி பெயர் வேண்டாம். எழுத்துக்கூட்டலில் கவனம் வேண்டும். ழகரத்துக்கு இசட் எச் போட்டீர்களா எல் போட்டீர்களா, நெடிலுக்கு ஏ இரண்டு போட்டீர்களா ஒன்றா என்று உங்களுக்கே சில மாதத்தில் சந்தேகம் வரும், உங்கள் மகளுக்கு ஊகிக்கவே முடியாது. ஆகவே ஒவ்வோர் எழுத்தாகப் பெரிதாக, தனித்தனியாக எழுதுங்கள். இரண்டு பிரதி. ஒன்று உங்கள் வீட்டில் நிலக் கெரான் (பட்டா) வைக்கிற இடத்தில், இன்னொன்று டிஸ்க் இல்லாத வேறோர் உறவினர் வீட்டில். ஈப்போவில் டிஸ்க் இருக்கிறது என்றால் உறை ஈப்போவில் வேண்டாம். எழுதி முடித்ததும் உங்கள் மகனையோ மகளையோ உட்காரவைத்து, நீங்கள் வாய் திறக்காமல், காகிதத்தை மட்டும் வைத்து டிஸ்கைத் திறந்து ஒரு படத்தைக் காட்டச் சொல்லுங்கள். எங்கே திணறுகிறார்களோ அதைக் குறிப்பில் சேருங்கள். இந்த ஒன்றைச் செய்யாத பேக்கப்பை நான் பேக்கப் என்று ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பல மாதம் பழசாக இருப்பதைப் பற்றி: ஸ்கேன் செய்த பழைய படம் மாறப் போவதில்லை, ஆல்பம் கொடுத்த வீட்டில் கேட்டாலும் புதுசாக வரப் போவதில்லை, அதற்கு வருடம் இரண்டு தடவை போதும். அடிக்கடி சேருவது பாரங்கள், அவை அளவில் சின்னவை. அதற்கு மட்டும் நிரல்காரன் தம்பி வேறு வழி சொல்வார்.

இன்னொன்று, சுங்கை சிப்புட்காரர் என்பதால் சொல்கிறேன். மஇகா தலைவராக இருந்த துன் சம்பந்தன் உங்கள் ஊர் மனிதர். 1960இல் அவர் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், அந்தச் சங்கத்தின் பங்குப் பத்திரம் பல வீடுகளில் தாத்தா பெட்டிக்குள் இன்னும் கிடக்கிறது. பாரம் நிரப்பப் போகிற வீடுகளில் அதையும் கேட்டு வாங்கி ஸ்கேன் செய்யுங்கள். வாரிசுக்குப் பங்கு மாற்றும்போது எண் தெரியாமல் அலைகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஸ்கேன் எடுத்தாயிற்று என்று அசலைத் தூக்கிப் போட யாரையும் விடாதீர்கள்.

—

நிரல்காரன் (கூலிம்):

டீச்சர் சொன்ன மாதிரியே. பாரங்கள் உள்ள ஃபோல்டரை மட்டும் கிரிப்டோமேட்டர் என்ற பூட்டு மென்பொருளில் போட்டு உங்களிடம் ஏற்கெனவே இருக்கிற கூகுள் டிரைவிலோ ஒன்டிரைவிலோ ஏற்றிவிடலாம். உங்கள் கம்ப்யூட்டரிலேயே பூட்டிய பிறகுதான் மேலே போகும், அவர்கள் உள்ளே பார்க்க முடியாது. படங்களையும் வீடியோவையும் இப்படி ஏற்ற முயற்சி செய்ய வேண்டாம், கிட்டத்தட்ட ஒரு டெராபைட்டை ஏற்றி முடிப்பதற்குள் சலித்துப் போய் விட்டுவிடுவீர்கள், மாத வாடகையும் ஏறும்.

டிஸ்கை ஈப்போவிலிருந்து திரும்பக் கொண்டுவரும்போது புதுசை ஏற்றுவதற்கு முன் ஃப்ரீஃபைல்சிங்கில் ஒப்பிடும் முறையைக் கோப்பின் உள்ளடக்கம் என்று மாற்றி ஒரு தடவை ஓட்டுங்கள். சாதாரணமாக அது தேதியையும் அளவையும் மட்டும்தான் பார்க்கும். உள்ளடக்கம் என்று வைத்தால் ஒவ்வொரு கோப்பையும் முழுக்கப் படித்துப் பார்க்கும், நேரம் எடுக்கும், ஆனால் சத்தமில்லாமல் கெட்டுப்போன படம் இருந்தால் அப்போதுதான் தெரியும். வித்தியாசம் காட்டினால் உடனே மேலே எழுதிவிடாதீர்கள், இரண்டையும் திறந்து பார்த்து எது நல்லது என்று முடிவு செய்யுங்கள், கெட்டது லேப்டாப்பில் உள்ளதாகவும் இருக்கலாம்.

இன்னொன்றையும் இன்றைக்கே பாருங்கள். விண்டோஸ் 11 ஹோமில் டிவைஸ் என்கிரிப்ஷன் என்று ஒன்று உண்டு, மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்திருந்தால் உங்களைக் கேட்காமலே லேப்டாப்பின் உள் டிஸ்கைப் பூட்டியிருக்கலாம். அதன் ரெக்கவரி கீ 48 இலக்கம், உங்கள் கணக்கில் இருக்கும். எடுத்து அச்சடித்து அதே உறையில் போடுங்கள்.

—

பால்மரக்காடு:

பார்த்தேன், லேப்டாப் ஏற்கெனவே பூட்டித்தான் இருக்கிறது. கீயை அச்சடித்துவிட்டேன். உறை ஜொகூரில் இருக்கிற தம்பி வீட்டுக்குப் போகும். அவனிடம் மேக் மட்டும்தான் இருக்கிறது, அதில் இந்த டிஸ்கைத் திறக்க முடியுமா? முடியாது என்றால் இப்போதே மாற்றிக்கொள்கிறேன்.

—

ஸ்க்ரூடிரைவர் (தைப்பிங்):

முடியும் அண்ணே. டிஸ்கையும் உள்ளே இருக்கிற பூட்டிய டிரைவையும் எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு அமைப்பில் ஃபார்மட் செய்யுங்கள், விண்டோஸும் மேக்கும் இரண்டுமே படிக்கும், எழுதும். விண்டோஸின் வழக்கமான அமைப்பான என்டிஎஃப்எஸ் என்றால் மேக் படிக்க மட்டும்தான் செய்யும். ஃபேட்32 என்ற பழைய அமைப்பின் பக்கம் போகவே வேண்டாம், 4 ஜிகாபைட்டுக்கு மேல் ஒரு கோப்பை அது ஏற்காது. எக்ஸ்ஃபேட்டில் ஒரு பலவீனம் உண்டு, எழுதும்போது கேபிளைப் பிடுங்கினால் என்டிஎஃப்எஸ் அளவுக்குத் தாங்காது, ஆகவே நிரல்காரன் சொன்ன டிஸ்மவுண்ட், இஜெக்ட் வரிசையை விட்டுவிடாதீர்கள். மேக்கில் வெராகிரிப்ட் ஓட மேக்ஃபியூஸ் என்ற துணை மென்பொருளும் வேண்டும், அதையும் டிஸ்கில் பூட்டாத பகுதியில் போட்டு, எதை முதலில் நிறுவுவது என்று குறிப்பில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். தம்பி அடுத்த தடவை ஊருக்கு வரும்போது லேப்டாப்பைக் கொண்டுவரச் சொல்லி ஒரு முறை திறந்து பாருங்கள்.